விட்டு விட்டு வெடிக்கும் சிற்றெஞ்சின்

எஞ்சின் என்றால் இடைவிடாது உழைப்பது என்பதே பொதுவான எண்ணம். மோட்டர் வண்டியின் எஞ்சினாயினும் நீரிறைக்கும் எஞ்சினாயினும், ஓடத் தொடங்கியபின் ஒரே சீராக முழங்கிக்கொண்டிருக்கும். ஆனால், பெரும்பாலான வேளையில் ஒன்றும் செய்யாதிருப்பதையே தன் இயல்பாகக் கொண்ட எஞ்சின் வகையொன்றும் உண்டு. அதன் அருகே நிற்பவரின் காதில் முதலில் 'டப்' என்றொரு வெடியோசை விழும். அதன்பின் வெடியில்லை. இருபுறமும் உள்ள கனத்த சில்லுகள் தம்பாட்டிற் சுழல, 'உசு, உசு' என்று காற்றுப் போய்வரும் ஓசை மாத்திரமே கேட்கும். சுழற்சி மெல்ல மெல்லத் தளரும். இனி நின்றுவிடும் என்று எண்ணும் தறுவாயில் மீண்டும் ஒரு 'டப்'. சில்லுகள் துள்ளி எழுந்து மறுபடியும் ஓடும்.

ஆங்கிலத்தில் இதனை 'ஹிட் அன்ட் மிஸ்' எஞ்சின் என்பர். தமிழில் விட்டு விட்டு வெடிக்கும் எஞ்சின் என்று வழங்கலாம். இவ்வகை எஞ்சினை, மேசைமீது தூக்கி வைக்கத்தக்க சிற்றுருவில், தம் வீட்டுப் பட்டறையிலேயே முழுவதும் தம் கையால் ஆக்கி ஓடவைப்போர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலர் உளர். பெரியதைச் சிறியதாக்குவதுதானே, இதில் என்ன அருமை என்று கேட்கலாம். அருமை அங்கேதான் இருக்கிறது. ஏனெனில், எஞ்சினைச் சிறிதாக்கலாம்; இயற்கையின் விதிகளைச் சிறிதாக்க முடியாது.

முதலில் இந்த எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்பதை நோக்குவோம். ஜெர்மனி தேசத்து நிக்கொலாஸ் ஒற்றோ 1876ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டிய நான்கடிப்பு முறையே இதற்கும் அடிப்படை. உருளைக்குள் பிஸ்டன் முதன்முறை வெளிநோக்கிச் செல்லும்போது, காற்றும் எரிபொருளின் ஆவியும் உள்ளே இழுக்கப்படும். அது திரும்பி வரும்போது அக்கலவை நெருக்கப்படும். நெருங்கிய கலவையில் தீப்பொறி பட்டு வெடித்ததும் பிஸ்டன் விசையுடன் தள்ளப்படும். நான்காவது அடிப்பில் எரிந்த புகை வெளியேற்றப்படும். இவ்வளவும் நிகழ, அச்சு இரண்டு முறை சுழலவேண்டும்.

மோட்டர் வண்டியில் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், உள்ளே செல்லும் கலவையின் அளவைக் குறைப்பர். வெடி ஒவ்வொன்றும் சிறிதாகும். வெடியின் எண்ணிக்கை குறையாது. நம் எஞ்சினிலோ அரைகுறை வெடி என்பதே இல்லை. வெடித்தால் முழுவெடி, அன்றேல் வெடியே கிடையாது. சில்லுடன் சேர்ந்து சுழலும் இரு சிறு குண்டுகள், வேகம் மிகும்போது வெளிநோக்கி விரிகின்றன. அவ்விரிவு ஒரு கொக்கியை அசைக்கிறது. கொக்கியானது, புகைபோக்கும் வால்வைத் திறக்கின்ற தள்ளுகோலைப் பிடித்துக்கொண்டு, அந்த வால்வு மூடாதபடி தடுத்துவிடுகிறது.

இந்த ஒரு செயலால் மூன்று பயன்கள் விளைகின்றன. புகைவாயில் திறந்திருப்பதால் உருளைக்குள் நெருக்கம் ஏற்படாது. ஆகவே சில்லு தடையின்றிச் சுழலும். எரிபொருளை உள்ளே விடும் மற்றை வால்வைத் திறப்பதற்கு யாதொரு கருவியும் இல்லை. மெல்லிய சுருள்வில்லொன்று அதனை மூடிப் பிடித்திருக்க, பிஸ்டனின் உறிஞ்சலே அதனைத் திறப்பது. புகைவாயில் வழியே காற்றுத் தாராளமாக வந்து போகும்போது உறிஞ்சல் இல்லை; ஆகவே எரிபொருளும் உள்ளே வராது. எரிபொருள் இல்லாவிடத்து வெடியும் இல்லை. வேகம் குறைந்து குண்டுகள் சுருங்கியதும் கொக்கி விலகும், வால்வு மூடும், அடுத்த சுற்றில் எஞ்சின் விழித்துக்கொள்ளும். ஒரு கொக்கியைக் கொண்டு இவ்வளவையும் சாதித்தவரின் அறிவை மெச்சாதிருக்க முடியாது.

இவ்வெஞ்சின்கள் பெருவாழ்வு வாழ்ந்த இடம் அமெரிக்காவின் பண்ணைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்டர்நஷனல் ஹார்வெஸ்டர், பெயர்பாங்ஸ் மோர்ஸ் முதலிய கம்பனிகள் இவற்றைச் செய்து விற்றன. கிணற்றிலிருந்து நீரிறைக்கவும், சோளம் உதிர்க்கவும், விறகு அறுக்கவும், பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கவும், துணி துவைக்கவும் ஒன்றரைக் குதிரைவலுவுள்ள எஞ்சின் ஒன்று போதியதாயிருந்தது. ஜோன் டியர் கம்பனி தனது 'இ' வகை எஞ்சினை 1923 முதல் 1946 வரை செய்துவந்தது. மின்விளக்கு எரிப்பதற்கு மாத்திரம் இவை அவ்வளவாக உகந்தவையல்ல; வெடிக்குந்தோறும் வேகம் ஏறி இறங்குவதால் விளக்கும் கூடவே மினுங்கும்.

இவற்றின் காலத்தை முடித்து வைத்ததும் அந்த மின்சாரமே. 1935ஆம் ஆண்டில் அமெரிக்கப் பண்ணைகளுள் பத்தில் ஏறக்குறைய ஒன்பதுக்கு மின்சாரம் இருக்கவில்லை. அவ்வாண்டிற் கிராம மின்சார நிருவாகம் நிறுவப்பட்டது; மறு ஆண்டு அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. கம்பி சென்ற இடமெல்லாம் எஞ்சின் கொட்டிலின் மூலைக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்பு சேர்த்த இயக்கத்தில் எண்ணற்ற எஞ்சின்கள் உடைத்து உருக்கப்பட்டன. தப்பிப் பிழைத்தவற்றைத் தேடிச் சேர்ப்போர் பின்னர் தோன்றினர். அவர்களுக்கென ஒரு சஞ்சிகையே 1966இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. ஆயினும், நூற்றுக்கணக்கான இறாத்தல் நிறையுள்ள பொருளை எல்லோரும் வீட்டில் வைத்திருக்க முடியாதன்றோ? சிற்றுருவங்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிற்றுரு எஞ்சின் செய்யும் கலை இதற்கு முன்னரே வேரூன்றியிருந்தது. லண்டனில் பேர்சிவல் மார்ஷல் என்பார் 'மொடல் எஞ்சினியர்' சஞ்சிகையை 1898இல் தொடங்கினார். அதில் எட்கர் வெஸ்ற்பெரி பல்லாண்டுகளாகச் சிறு பெற்றோல் எஞ்சின்களின் வரைபடங்களை எழுதிவந்தார். அமெரிக்காவில் பிலிப் டுக்ளோஸ் வரைந்த விட்டு விட்டு வெடிக்கும் எஞ்சின்கள் பெயர்பெற்றவை. அவற்றுள் ஒன்றுக்கு 'ஒட்ஸ் அன்ட் என்ட்ஸ்' என்று பெயர். அஃதாவது துண்டும் துணுக்கும். வார்ப்படச் சாலையை நாடாமல், பட்டறையில் எஞ்சிக் கிடக்கும் உலோகத் துண்டுகளைக் கொண்டே அதனை ஆக்கலாம். மற்றொன்று பற்சில்லே இல்லாமல் இயங்குவது. பட்டறை என்றதும் பெரிய தொழிற்சாலையை நினைக்கவேண்டியதில்லை. இங்கிலாந்திலே தோட்டத்து மூலையில் ஒரு கொட்டில். அமெரிக்காவிலே வண்டி நிறுத்தும் அறை, அல்லது வீட்டின் கீழ்நிலவறை. அதனுள் ஒரு சிறு கடைச்சற்பொறி, துளையிடும் கருவி, அரங்கள், அளவுகோல்கள். இங்கிலாந்தின் பீஸ்ரன் நகரில் 1946 முதல் வெளிவந்த மைபோர்ட் எம்எல்7 என்னும் கடைச்சற்பொறியில் உருப்பெற்ற சிற்றெஞ்சின்கள் ஏராளம். அதனைச் செய்த தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டது. பொறிகள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட இயற்கை விதிக்கு வருவோம். நான்கு அங்குல விட்டமும் ஐந்து அங்குல ஓட்டமும் உள்ள உருளையைக் கொண்ட பண்ணை எஞ்சின் ஒன்றை நாலில் ஒரு பங்காகக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். உருளையின் விட்டம் ஓர் அங்குலமாகும். அதற்குள் அடங்கும் கலவையோ நாலில் ஒரு பங்கு அன்று. அறுபத்து நாலில் ஒரு பங்கு. ஏறக்குறைய ஒரு கன அங்குலம். மூன்று தேக்கரண்டி கொள்ளும் இடம். உருளையின் உட்சுவர்ப் பரப்பு பதினாறில் ஒரு பங்காகவே குறைந்திருக்கும். ஆகவே, வெடியின் வெப்பத்தைக் குடித்துவிடும் சுவர், கலவையின் அளவோடு ஒப்பிடும்போது முன்னிருந்ததைவிட நான்கு மடங்காகிவிட்டது. சுவரில் ஒரு கீறல் இருந்து காற்றுக் கசிந்தால், பெரிய எஞ்சின் அதைப் பொருட்படுத்தாது. அதே அளவு கீறல் சிற்றெஞ்சினின் உயிரையே போக்கிவிடும்.

சில்லின் கதை இதனினும் கடுமையானது. வெடி இல்லாத வேளையில் எஞ்சினை ஓட்டுவது பறப்புச்சில்லில் தேங்கிய வேகமே. சில்லு சுழற்சியைக் காத்து வைக்கும் தன்மை, அளவின் ஐந்தாம் அடுக்குப்படி குறையும். நாலில் ஒன்றாக்கினால் அது ஆயிரத்து இருபத்து நாலில் ஒரு பங்காகிவிடும். வெடியின் வலுவோ அறுபத்து நாலில் ஒன்றாகவே குறைந்திருக்கிறது. எனவே, பெரிய எஞ்சின் நிமிடத்துக்கு 450 முறை சுழன்று காட்டும் அமைதியைச் சிற்றெஞ்சினும் காட்டவேண்டுமாயின், அது 1,800 முறை சுழலவேண்டும். அவ்வளவு வேகத்தில் ஓடும்போது பார்ப்பவருக்கு அது பண்ணை எஞ்சினாகத் தோன்றாது; குளவி இரைவதுபோல் இருக்கும். மெதுவாகவும் ஓடவேண்டும், நெடுநேரம் வெடியாமலும் ஓடவேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் ஒன்றோடொன்று முரண்படுவன. செய்பவரின் ஓராண்டு உழைப்பும் இந்த முரண்பாட்டைக் கூடியமட்டும் தணிப்பதிலேயே செலவாகிறது எனலாம். சில்லின் விளிம்பைச் சற்றே தடிப்பாக்குவர். வார்ப்பிரும்புக்குப் பதிலாகக் கனங்கூடிய பித்தளையிற் கடைவர். அச்சைத் தாங்குமிடத்தில் குண்டுப் போதிகைகளைப் பொருத்துவர். மிச்சம் யாவும் கையின் நுட்பத்தைப் பொறுத்தது.

உருளை வார்ப்பிரும்பிற் கடையப்படுகிறது. கடைந்து முடித்த துளை கண்ணுக்குப் பளபளப்பாயினும், அதன் நடுவிலும் ஓரத்திலும் விட்டம் சிறிது வேறுபட்டிருக்கும். ஆகவே, துளைக்குப் பொருந்தும் மென்மையான உலோகக் கட்டையொன்றில் அரைபசையைத் தடவி, மணிக்கணக்காக உள்ளும் புறமும் ஓட்டித் தேய்ப்பர். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது இங்கே பெரிய பிழை. பிஸ்டனைச் சூழும் வளையங்களும் வார்ப்பிரும்பே. மெல்லிதாகக் கடைந்த வளையத்தை ஓரிடத்தில் வெட்டிப் பிளந்து, அப்பிளவு விரிந்திருக்குமாறு பிடித்துச் செங்கனலாகக் காய்ச்சி ஆறவிட்டால், அது என்றும் விரியவே முயலும் தன்மையைப் பெறும். பள்ளத்தில் ஏற்றும்போது கொஞ்சம் கூட விரித்தால் படீரென்று முறியும். ஆறு வளையம் செய்து இரண்டை ஏற்றிவிட்டால் அதைத் தோல்வி என்று எவரும் சொல்லுவதில்லை.

கிராங்கு எனப்படும் வளைந்த அச்சை ஒரே உருக்குத் துண்டிலிருந்து வெட்டி எடுப்பவர், துண்டின் பெரும்பகுதியைச் சீவலாகத் தரையில் கொட்டவேண்டும். நடுவே வெட்டிய வெளியில் ஒரு கட்டையை இறுகச் செருகாவிட்டால், கடைச்சற்பொறியின் முனைகள் இருபுறமும் நெருக்க, அச்சு வளைந்துவிடும். பலநாள் வேலை கடைசி வெட்டிற் பழுதாவதும் உண்டு. துண்டுகளாகச் செய்து, ஆணி அறைந்து, ஒட்டுப்பசை இட்டு இணைப்பதையே பலர் விரும்புகின்றனர். அதனால் எஞ்சினுக்கு யாதும் குறைவில்லை. முழுத்துண்டிற் கடைந்தேன் என்னும் பெருமைதான் குறையும்.

வால்வுகளுக்கு வந்தால், எஞ்சின் ஓடுமா ஓடாதா என்பது பெரும்பாலும் இங்கேயே தீர்மானமாகிறது. பொத்தான் அளவுள்ள வால்வுத் தலை தன் இருக்கையிற் படியும் இடம் மயிரிழைபோல் ஒடுங்கிய வளையமாக, சுற்றிவர ஒரே அகலமாக இருக்கவேண்டும். வாயினால் உறிஞ்சிப் பார்த்து, நாக்கில் பற்றிக்கொள்கிறதா என்று சோதிப்பவரும் உளர். எரிபொருளை விடும் வால்வின் சுருள்வில்லோ இன்னொரு பரீட்சை. அது கடினமாயிருந்தால் பிஸ்டனின் உறிஞ்சலுக்கு வால்வு திறக்காது. எஞ்சின் பட்டினி கிடக்கும். மிக மெல்லியதாயிருந்தால், புகைவாயில் திறந்துள்ள வேளையிலும் வால்வு துடித்துத் துடித்து எரிபொருளை உள்ளே விடும். அது வெடிக்காமல் புகைக்குழாய்க்குப் போய் வீணாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வில்லைக் கணக்கால் காண்பது அரிது. மெல்லிய கம்பியில் ஒன்று சுற்றி, பொருத்தி, கழற்றி, மற்றொன்று சுற்றிப் பார்ப்பதே வழி.

வேகத்தை ஆளும் குண்டுகளுக்கும் இதே நிலைதான். குண்டு வெளிநோக்கி இழுக்கும் விசை, அதே வேகத்தில், நாலில் ஒன்றான எஞ்சினில் இருநூற்று ஐம்பத்தாறில் ஒரு பங்காகும். இவ்வளவு சிறிய விசை கொக்கியை அசைத்தாக வேண்டும். மூட்டுகளில் எண்ணெய் தடித்துப் போனாலே அது அசையாது. கொக்கியைப் பற்றிய நுட்பம் ஒன்று வரைபடத்தில் எளிதிற் புலப்படாது. தள்ளுகோலைப் பிடித்து வைத்திருக்கும் வேளையில் வால்வின் வில் முழுவதும் கொக்கியின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும். வேகம் குறைந்து குண்டுகள் சுருங்கினாலும், அந்த அழுத்தத்திலிருந்து கொக்கி தானாக விலக மாட்டாது. ஆகவே, தள்ளுகோலை அசைக்கும் கேம் சில்லின் மேடு, கொக்கி பிடித்திருக்கும் இடத்தைவிட ஒரு கடுகளவு மேலதிகமாகக் கோலைத் தள்ளவேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அவ்வாறு தள்ளும் கணத்தில் கொக்கியின் மேலுள்ள பாரம் நீங்கும். விலகுவதானால் அக்கணத்தில் விலகும். அந்தக் கடுகளவு இல்லையாயின், பிடித்த பிடி விடாது. எஞ்சின் அழகாகச் சுழன்று சுழன்று நின்றுபோகும். செய்தவர் தீப்பொறியையும் எரிபொருளையும் மாறி மாறிச் சந்தேகித்துக்கொண்டிருப்பார். ஒன்றோடொன்று உராயும் இவ்விரு முனைகளும் தேயாதிருக்க, கருவி உருக்கிற் செய்து, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, வைக்கோல் நிறம் வரும்வரை மீண்டும் மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்துவர்.

தீப்பொறிக்கும் எரிபொருளுக்கும் நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. பழைய எஞ்சின்கள் பலவற்றில் உருளைக்குள்ளேயே இரு உலோக முனைகள் தொட்டுப் பிரிந்து பொறி உண்டாக்கின. சிற்றெஞ்சினில் சிறு ஸ்பார்க் பிளக்கும், மின்சுருளும், பற்றரியும் மரப்பீடத்தினுள் மறைந்திருக்கும். அண்மைக் காலத்தில் காந்தத்தை உணரும் இலத்திரன் கருவியையும் பொருத்துகின்றனர். காபரேற்றர் என்பது விரற்கடை அளவுள்ள பித்தளைத் துண்டு. எரிபொருள் செல்லும் துளையைத் திறந்தும் மூடியும் அளவிடும் ஊசி, பெரும்பாலும் துணி தைக்கும் ஊசியே. பித்தளைத் திருகாணியில் அதைப் பற்றவைத்துவிட்டால் வேலை முடிந்தது. குளிர்விப்பதற்கு உருளையைச் சூழ வாய்திறந்த நீர்த்தொட்டி உண்டு. பனிக்காலத்தில் நீரை வடிக்க மறந்து, உறைந்து வெடித்த தொட்டிகளைப் பழைய பண்ணை எஞ்சின்களில் இன்றும் காணலாம்.

பட்டறை வேலை முடிந்ததும் எஞ்சின் உடனே ஓடிவிடுவதில்லை. புதிய பாகங்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும். பெற்றோல் இடாமல், கடைச்சற்பொறியோடோ மின்மோட்டரோடோ இணைத்துச் சில மணிநேரம் வெறுமனே சுழற்றிப் பழக்குவர். சிலர் அந்த மோட்டரை மறைவாக வைத்துக்கொண்டு, கண்காட்சியிலும் அதனாலேயே சில்லைச் சுழற்றிக் காட்டுவதுண்டு. அது பொம்மை; எஞ்சின் அன்று.

பழக்கிய பின் எரிபொருள் இட்டு, ஊசியைச் சிறிது திறந்து, சில்லைக் கையாற் சுழற்றுவர். காபரேற்றர் தும்மினால் எரிபொருள் போதாது. புகை கறுத்து வந்தால் மிகுதி. ஊசியைக் கால்வட்டம் திருப்புவதும் அதிற் பாதியை மீண்டும் திருப்புவதுமாக ஒரு மாலைப்பொழுது கழியும். முதன்முதலாக ஓடும்போது விட்டுவிடுதல் இராது. ஒவ்வொரு தடவையும் வெடித்துத்தான் தன் உராய்வை வெல்லும். அதைக் கேட்டு மனம் தளர்வதற்கில்லை. எண்ணெய் ஊறி, வளையங்கள் சுவரோடு இழைந்து, நாட்செல்லச் செல்ல ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே சில்லு நான்கு சுற்றுச் சுற்றும். பிறகு ஆறு, எட்டு. நான்கடிப்பு எஞ்சினாகையால் இந்த எண் எப்போதும் இரட்டையாகவே வரும். கண்காட்சிகளில் ஒருவர் செய்த எஞ்சினை மற்றவர் மதிப்பிடுவது பூச்சின் நிறத்தையோ பித்தளையின் மினுக்கத்தையோ பார்த்தன்று. அருகே நின்று இந்தச் சுற்றுகளை எண்ணித்தான். பத்தைத் தாண்டினால் மேசையைச் சூழக் கூட்டம் சேர்ந்துவிடும்.

அவ்வாறு கூடியவர்களுக்குச் செய்தவர் ஒன்று காட்டுவது வழக்கம். ஒரு மரத்துண்டை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் சில்லின் விளிம்பில் மெல்ல அழுத்துவார். உடனே கொக்கி விலகும். 'டப், டப், டப்' என்று வெடி தொடரும். தொட்டியில் நீர் சூடேறி ஆவி எழும். மரத்துண்டை எடுத்ததும் குண்டுகள் விரியும். கொக்கி தள்ளுகோலைப் பற்றும். மீண்டும் காற்றின் 'உசு, உசு' மாத்திரமே கேட்கும்.